ஒன்றுக்குப் பத்து: மலைநாட்டுக் கூலியும் மடங்கு நட்டஈடும்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே வழங்கும் சொற்களுள் ‘பேர்’ என்பது ஒன்று. ஒருநாள் முழுவதும் மலையில் நின்று உழைத்தவருக்குச் செக்ரோலிலே ஒரு பேர் விழும். பாதி நாளோடு திரும்பியவருக்கும், குறித்த நிறைக்குக் கொழுந்து கொண்டுவந்து சேர்க்காதவருக்கும் விழுவது அரைப்பேர். மனிதனுடைய பெயரே அவன் பெறும் நாட்கூலிக்கும் பெயராக அமைந்தமை வேறு தொழில்களிற் காண்டற்கரிய ஒரு விந்தை. ஆயினும், அந்திவேளையிலே கொழுந்து மடுவத்தின் தராசுக்கு முன்னே நிற்கும் பெண்ணுக்கு அந்த விந்தையை எண்ணிப் பார்க்க நேரமில்லை. சாக்கின் பாரத்துக்கென்றும் இலையில் ஒட்டிய ஈரத்துக்கென்றும் கழிக்கப்படுவது நியாயமான அளவுதானா, அன்றி அதற்கு மேற்பட்டதா என்பதே அவளுடைய கவலை. மேற்பட்டதாயின், அன்று அவளுக்கு நேர்ந்த நட்டம் ஒரு சிறு தொகையே. அச்சிறு தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் நீதி நிறைவேறிவிட்டது என்று கொள்ளலாமா?

இக்கேள்விக்கு உலகத்துச் சட்டங்கள் இருவகையாக விடை கூறியிருக்கின்றன. எடுத்தது எவ்வளவோ அவ்வளவைத் திருப்பிக் கொடுத்தாற் போதும் என்பது ஒன்று. எடுத்ததை மடங்காகத் தருதல் வேண்டும் என்பது மற்றொன்று. இவற்றுள் மடங்கு கேட்கும் விடை மிகத் தொன்மையானது. ஓர் ஆட்டைத் திருடி அறுத்தவனோ விற்றவனோ நான்கு ஆடுகள் கொடுக்கவேண்டும், மாடாயின் ஐந்து மாடுகள் கொடுக்கவேண்டும் என்பது மோசேயின் நியாயப்பிரமாணம். தானியத்திலே சிறிதளவு களவாடியவன் அதன் பதினொரு மடங்கைத் தண்டமாக இறுத்து, களவாடிய பொருளையும் உடையவனிடம் சேர்ப்பிக்க வேண்டுமென்று மனுநூல் விதித்தது. பழைய உரோமாபுரியிலே கையும் களவுமாக அகப்பட்ட கள்வன் நான்கு மடங்கும், பின்னர் கண்டுபிடிக்கப்பட்டவன் இரண்டு மடங்கும் கொடுக்க வேண்டியவனானான். பிறர் பொருளுக்குச் சேதம் விளைத்தவன் அதனை ஒப்புக்கொண்டால் ஒரு மடங்கோடு தப்பினான். இல்லையென்று சாதித்து வழக்காடித் தோற்றால் இரண்டு மடங்கு கொடுத்தான். மறுத்து மறுத்தே காலங்கடத்துவோருக்கு இதனினும் ஏற்ற மருந்தை எவரும் பின்னர் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

இங்கிலாந்திலே 1278-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குளோஸ்டர் சட்டம், பிறர் நிலத்தைத் தம் காலத்துக்கு அனுபவிக்க வந்தவர் அதனைப் பாழாக்கினால் மும்மடங்கு ஈடு தரவேண்டுமென்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே 1890-ஆம் ஆண்டின் ஷேர்மன் சட்டம், வாணிகக் கூட்டுச் சதிகளால் நட்டமுற்றவர் தம் நட்டத்தின் மும்மடங்கைப் பெறலாமென்றது. அந்நாட்டின் 1938-ஆம் ஆண்டுத் தொழிற் சட்டமோ, குறைத்துக் கொடுத்த கூலியையும் அதற்குச் சமமான இன்னொரு தொகையையும் சேர்த்துத் தொழிலாளிக்குக் கொடுக்கும்படி முதலாளியைப் பணித்தது.

இலங்கைக்கு இவ்வழி வரவில்லை. அதற்குக் காரணம் நம் நாட்டுச் சட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. கரையோர மாகாணங்களை 1658 முதல் 1796 வரை ஆண்ட ஒல்லாந்தர் தங்கள் உரோமன்-டச்சுச் சட்டத்தை இங்கே வேரூன்றச் செய்தனர். அவர்களுக்குப் பின் வந்த ஆங்கிலேயர் 1799-ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் அதனை அவ்வாறே தொடரவிட்டனர். ஒல்லாந்தின் சட்ட அறிஞர்கள் உரோமருடைய நூல்களிலிருந்து எத்தனையோ கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டபோதிலும், நாலு மடங்கு, இரு மடங்கு என்ற பழைய தண்ட ஈடுகளை வழக்கிழந்தனவென்று கைவிட்டனர். ஆகவே, நட்டம் எவ்வளவோ ஈடும் அவ்வளவே என்னும் கொள்கைதான் இந்நாட்டின் பொதுச் சட்டமாயிற்று. நிலபுலம், கடன், விபத்து ஆகிய வழக்குகளுக்கு இக்கொள்கை பெரும்பாலும் போதுமானதே. கூலி வழக்குக்கு அது போதுமா என்பதை மலைநாட்டின் வரலாறு சொல்லும்.

கோப்பித் தோட்டங்கள் கண்டியைச் சூழ்ந்த மலைகளில் ஏறிக்கொண்டிருந்த காலத்தில், 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. வேலையாளுக்கும் முதலாளிக்கும் இடையிலான ஒப்பந்தத்தை ஒழுங்கு செய்வது அதன் நோக்கமென்று கூறப்பட்டது. ஆனால், அனுமதியின்றி வேலையை விட்டுச் சென்ற தொழிலாளியை அது குற்றவாளியாக்கிற்று. அவனுக்கு மூன்று மாதம் வரை மறியல் விதிக்கலாம், தண்டப்பணம் விதிக்கலாம், அன்றுவரை அவனுக்கு வரவேண்டியிருந்த கூலி முழுவதையும் இழக்கச் செய்யலாம். இவற்றுள் மூன்றாவதனை ஊன்றிப் பார்த்தல் வேண்டும். தோட்டங்களிலே அக்காலத்தில் கூலி மாதந்தோறும் ஒழுங்காகக் கொடுக்கப்படவில்லை. பல மாதங்கள் நிலுவையில் நிற்பது வழக்கமாயிருந்தது. நான்கு மாதக் கூலி நிலுவையிலிருந்த ஒருவன், நோயுற்ற தாயைப் பார்க்கவோ பசி பொறாமலோ தோட்டத்தை விட்டு இறங்கினானென்று வைத்துக்கொள்வோம். முதலாளிக்கு அதனால் நேர்ந்த நட்டம் சில நாள் வேலை. அவன் இழக்கக்கூடியது நான்கு மாதக் கூலி. சட்டத்தில் ‘மடங்கு’ என்ற சொல் எங்கும் எழுதப்படவில்லை. எனினும் மடங்கு இருந்தது, தொழிலாளியின் தலைமேல் இருந்தது.

இதே காலத்தில் மொறீசியசுத் தீவின் கரும்புத் தோட்டங்களிலே இது ஒளிவுமறைவின்றியே நடந்தது. தமிழ்நாட்டிலிருந்தும் இந்தியாவின் பிற பகுதிகளிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர், ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அந்த ஒரு நாளின் கூலியோடு மேலும் ஒரு நாளின் கூலியையும் இழந்தனர். ‘இரட்டை வெட்டு’ என்பது அதற்குப் பெயர். 1870-களிலே அத்தீவுக்கு அனுப்பப்பட்ட அரச ஆணைக்குழு அங்குள்ள தொழிலாளரின் நிலையை விரிவாக ஆராய்ந்தபோது, இந்த வெட்டும் முறைப்பாடுகளுள் ஒன்றாக நின்றது. இரண்டு மடங்கு என்ற கணக்கு தோட்டத்துரைமாருக்குத் தெரியாததன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஒருநாள் வராதவனிடம் இரண்டு நாட்கூலியை எடுப்பது ஒழுங்கென்று கருதியவர்கள், ஒருநாட் கூலியைப் பிடித்து வைத்த துரையிடம் இரண்டு நாட்கூலியைக் கேட்கலாமென்று கருதவில்லை.

இலங்கையில் 1869-ஆம் ஆண்டளவில் தோன்றிய இலைநோய் கோப்பியை மெல்ல மெல்ல அழித்தது. 1884-ஆம் ஆண்டிலே ஓரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் கைமாறின, கடன் கொடுத்தோர் நிலத்தைப் பிடித்துக்கொண்டனர், மாதக்கணக்காகக் காத்திருந்த கூலிக்காரர் வெறுங்கையோடு நின்றனர். அவ்வாண்டிலேயே, தோட்டத்தின் மீதுள்ள மற்றெல்லாக் கடன்களுக்கும் முன்பாகத் தொழிலாளரின் கூலி தீர்க்கப்படவேண்டும் என்று 16-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஏற்படுத்தியது. ஐந்தாண்டுகள் கழித்து, 1889-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், ஒரு மாதக் கூலியை அம்மாதம் முடிந்து 60 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டுமென்று விதித்தது. இவை நல்ல ஏற்பாடுகளே. ஆயினும், உழைத்த கூலியைத் தொழிலாளியின் கையிற் சேர்ப்பதோடு அவற்றின் நோக்கம் நின்றுவிட்டது. இரண்டு மாதம் பிந்திக் கூலி கொடுப்பதே சட்டபூர்வமான வழக்கமாகவும் ஆயிற்று.

கூலி பிந்தும்போது வயிறு பிந்துவதில்லை. அவ்விடைவெளியைக் கங்காணியின் கடன் நிரப்பிற்று. கப்பற் செலவு, அரிசி, கம்பளி, கலியாணம், கருமாதி எல்லாம் அவன் கணக்கிலே ஏறின. வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பும் கூட்டத்தின் கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவர் அவர்களை அழைத்துச் செல்லலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் கடதாசிக்குத் ‘துண்டு’ என்று பெயர். அத்துண்டிலே எழுதப்பட்ட தொகையை எழுத்தறியாத தொழிலாளி சரிபார்ப்பதெங்ஙனம்? அவன் கடன் பெருகிய கதையை விரித்துச் சொல்லத் தேவையில்லை. மலைநாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் அது பாட்டன் வாய்ச்சொல்லாக இன்றும் இருக்கிறது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் தொழிலாளருக்காகக் குரலெழுப்பியதன் பின், 1921-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. வேலையை விட்டுப் போனவனை மறியலுக்கு அனுப்பும் வழக்கமும் அக்காலத்தை ஒட்டியே நீங்கிற்று.

அதன்பின் வந்தது 1927-ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டம். அதன்படி 1929 முதல் உயர்ந்த மலைப்பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், பிள்ளைக்கு 32 சதமும் நாட்கூலியாயின. முதன்முறையாக ஒரு தொழிலாளி, ‘இவ்வளவுக்குக் குறைந்தால் அது களவு’ என்று கையால் தொட்டுச் சொல்லக்கூடிய ஓர் எண் கிடைத்தது. கோ. நடேசய்யர் ‘தேசபக்தன்’ பத்திரிகை வாயிலாகவும், 1931-இல் அட்டனில் தாம் அமைத்த சம்மேளனத்தின் வாயிலாகவும் தோட்டத் தொழிலாளரின் உரிமைகளை அவர்களுடைய மொழியிலேயே எடுத்துரைத்தார். எண் கிடைத்தது, சொல்லித் தரவும் ஒருவர் கிடைத்தார். இனி நிறைவேற்றுவது எப்படி?

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உண்மையில் நடந்த எந்தத் தோட்டத்தின் கணக்குமன்று, விளக்கத்துக்காக வகுத்துக்கொண்டது. ஒரு தோட்டத்திலே 400 தொழிலாளர். ஒவ்வொருவருடைய நாட்கூலியிலும் 5 சதம் குறைகிறது. மாதம் 25 நாள் வேலை. ஒருவர் ஓராண்டில் இழப்பது 15 ரூபா. தோட்டம் மிச்சம் பிடிப்பது 6,000 ரூபா. இப்போது ஒரு தொழிலாளி மட்டும் துணிந்து முறையிடுகிறார். அதற்காக ஒருநாட் கூலியை விட்டு, மலையிறங்கி, அட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ சென்று வாசலிலே காத்திருக்கிறார். திரும்பி வந்தபின் கணக்கப்பிள்ளையின் முகத்திலும் கங்காணியின் முகத்திலும் விழிக்க வேண்டும். குடியிருக்கும் லயத்து அறையோ தோட்டத்துக்குச் சொந்தம். இவ்வளவுக்கும் பின் வழக்கு வெல்கிறது. எடுத்ததைத் திருப்பிக் கொடு என்பது தீர்ப்பாயின், தோட்டம் 15 ரூபாவைக் கொடுத்துவிட்டு 5,985 ரூபாவை வைத்துக்கொள்ளும். அடுத்த ஆண்டும் 5 சதத்தைக் குறைக்காமலிருக்க அதற்கு என்ன காரணம் இருக்கிறது?

தண்டப்பணம் உண்டே என்று கூறலாம். 1941-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், குறைந்த கூலி கொடுத்த முதலாளிக்குத் தண்டமும் மறியலும் விதித்ததோடு, குறைவாகக் கொடுத்த தொகையைச் செலுத்துமாறு பணிக்கவும் நீதவானுக்கு அதிகாரம் வழங்கிற்று. ஆனால், தண்டப்பணம் போய்ச் சேருவது அரசாங்கத்தின் பெட்டிக்கு. முறையிட்டவளுக்கு மிஞ்சுவது அதே 15 ரூபாதான். மேலும், வழக்கைத் தொடுப்பது தொழில் திணைக்களத்தின் கையில் இருக்கிறது. எத்தனையோ தோட்டங்களுக்குச் சில உத்தியோகத்தர். மடங்கு ஈட்டின் நுட்பம் இங்கேதான் விளங்கும். அது தண்டனையைப் பாதிக்கப்பட்டவரின் கையில் கூலியாகக் கொடுக்கிறது. வாயில்லாதவரையும் முறையிடத் துணியச் செய்கிறது.

பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்த நுட்பம் அறியப்பட்டிருந்தது. இந்தியாவின் 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கற் சட்டம், கூலியிலே முறைகேடாகப் பிடித்த தொகையைத் திருப்பிக் கொடுப்பதோடு, அத்தொகையின் பத்து மடங்கு வரை ஈடும் கொடுக்குமாறு உத்தரவிட அதிகாரிக்கு உரிமை அளித்தது. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் அதே பத்து மடங்கைக் குறைவான கூலிக்கு விதித்தது. அச்சட்டத்தின் அட்டவணையிலே தேயிலை, கோப்பி, இறப்பர், சிங்கோனாத் தோட்டங்கள் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தன. ஆகவே, நீலகிரியிலே கொழுந்து கொய்த தமிழ்ப்பெண்ணுக்குப் பத்து மடங்கு கேட்க வழியிருந்தது. நுவரெலியாவிலே அதே கொழுந்தைக் கொய்த தமிழ்ப்பெண்ணுக்கு அது இல்லை.

மேலே வகுத்த கணக்கை இப்போது மீண்டும் நோக்குவோம். குறைந்த 15 ரூபாவும், ஈடாகப் பத்து மடங்கான 150 ரூபாவும் சேர்ந்து ஒருவருக்கு 165 ரூபா. நானூறு பேரில் 37 பேர் முறையிட்டு வென்றாலே தோட்டம் கொடுக்க வேண்டியது 6,105 ரூபா. எஞ்சிய 363 பேரும் அஞ்சி வாய்மூடியிருந்தாலும், 5 சதத்தைக் குறைத்ததனால் வந்த இலாபம் முழுவதும் கரைந்துவிடும். பத்து என்பது வஞ்சம் தீர்க்கும் எண் என்று மேலெழுந்தவாரியாகத் தோன்றலாம். பத்துப் பேரில் ஒருவர்தான் வாய்திறப்பார் என்றறிந்த எண் அது.

மடங்கு ஈட்டுக்கு எதிராகக் கூறப்படுவனவற்றைப் புறக்கணித்தலும் நேர்மையன்று. கணக்கிலே தவறுதலாக நேர்ந்த பிழைக்கும் வேண்டுமென்று செய்த வஞ்சகத்துக்கும் ஒரே தண்டமா? ஒருவர் இழந்தது பதினைந்தாயிருக்க, நூற்றைம்பதை மேலதிகமாகப் பெறுவது முறையா? பொய் முறைப்பாடுகள் பெருகிவிடாவா? இந்தியச் சட்டம் இவற்றை எண்ணாமல் விடவில்லை. பத்து மடங்கு என்பது மேலெல்லையே. அதற்குள் எவ்வளவு என்பது அதிகாரியின் தீர்மானம். கூலி பிந்தியது நேர்மையான பிழையாலோ, கொடுக்கவேண்டிய தொகை பற்றிய உண்மையான பிணக்காலோ என்று காணப்பட்டால், பிந்தியதற்காக ஈடு விதிப்பதற்கில்லை. தீய எண்ணத்தோடு முறையிட்டவனிடமிருந்து சிறு தொகையொன்றை முதலாளிக்கு வாங்கிக் கொடுக்கவும் இடமிருந்தது. எனினும், அதிகாரியின் தீர்மானம் என்பதிலே ஒரு பலவீனமும் உண்டு. ‘வரை’ என்ற சொல் கைக்குள் வைத்திருக்கும் சாட்டை போன்றது. ஓங்காத சாட்டைக்கு மாடு பயப்படாது. இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டக்கோவை பழைய சட்டங்களை ஒன்றாக்கியபோதும் பத்து மடங்கு வரை என்ற விதியைக் கைவிடவில்லை.

இலங்கை பின்னர் வேறொரு பாதையைத் தேர்ந்தது. அது வீதக் கணக்கின் பாதை. 1958-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், முதலாளி கட்டவேண்டிய பங்கைப் பிந்திக் கட்டினால் மேலதிகக் கட்டணம் விதித்தது. சில நாள் பிந்தினால் 5 வீதம், ஓராண்டுக்கு மேற்பட்டால் 50 வீதம். 1983-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம், ஐந்தாண்டுகளுக்குக் குறையாது உழைத்து நீங்கும் தோட்டத் தொழிலாளிக்குச் சேவையாண்டு ஒன்றுக்கு 14 நாட்கூலியை 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டுமென்றது. தவறினால் மேலதிகம் 10 வீதத்தில் தொடங்கி, ஓராண்டு கடந்தபின் 30 வீதமாக உயரும். ஆங்கிலேயர் காலத்துச் சட்டங்களோடு ஒப்பிட இது எத்துணையோ மேல். பிந்துதல் ஒரு குற்றம், அதற்கொரு விலை உண்டு என்பதை இந்நாட்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

அவ்விலை போதுமானதா? முப்பது ஆண்டுகள் கொழுந்து கொய்து இளைப்பாறிய பெண்ணொருவருக்கு வரவேண்டியது 420 நாட்கூலி. ஓராண்டுக்கு மேல் இழுத்தடித்தாலும் கூடுவது 126 நாட்கூலி மாத்திரமே. பணத்தின் பெறுமதி ஒரே நிலையில் நிற்கும் காலத்தில் இது கணிசமான தொகை. ஆனால், 2022-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே இலங்கையின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. அவ்வாண்டில் அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் விற்ற விலையிலே, 30 வீத மேலதிகத்தோடு ஓராண்டு பிந்தி வந்த பணிக்கொடை, உரிய நாளில் மேலதிகமின்றி வந்திருக்கக்கூடிய பணிக்கொடையினும் குறைவான பொருளையே வாங்கியிருக்கும். பிந்திக் கொடுத்தவருக்கு இலாபம், காத்திருந்தவருக்கு நட்டம். தோட்டங்கள் 1970-களில் அரசுடைமையாயின. 1992-இல் பிராந்தியக் கம்பனிகளின் முகாமைக்கு வந்தன. கைகள் மாறியபோதும், இளைப்பாறியவர்கள் சேவைக்காலப் பணத்துக்காகவும் சேமலாப நிதிக்காகவும் காகிதக் கட்டோடு தொழில் காரியாலயத்தின் படியேறும் காட்சி மாறவில்லை.

1964-ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. தலைமன்னாரில் கப்பலேறியவர்களுள் பலர், தமிழ்நாட்டரசு அவர்களுக்கென நீலகிரியிலே தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கூடையைச் சுமந்தனர். அட்டனில் நின்றுவிட்ட தமக்கையும் கூடலூருக்குப் போன தங்கையும் ஒரே தாயிடம் கொழுந்து கொய்யக் கற்றவர்கள். தங்கையின் கூலியிலே ஒரு ரூபா குறைந்தால், அந்த ரூபாவோடு பத்து ரூபா வரை கேட்டுப் பெற அவளுக்குச் சட்டம் இடங்கொடுத்தது. தமக்கையின் கூலியிலே ஒரு ரூபா குறைந்தால், அவள் கேட்கக்கூடியது அந்த ஒரு ரூபாவைத்தான்.